கறுப்புச் சட்டைக்கு நன்றி

அன்புள்ள கசாலே,

1914-இன் இத்தாலியக் கால்பந்துச் சாம்பியன் நீ என்று சொன்னால், ஜுவென்டஸ், மிலன் என்று விடிய விடியப் பேசும் நண்பர்கள்கூட "அது எந்த ஊர்?" என்கிறார்கள். போ ஆற்றங்கரையில், மொன்ஃபெர்ராட்டோ குன்றுகளை ஒட்டி, சிமென்ட்டுக்குப் பேர்போன ஊர் என்று தொடங்குவேன். ஒரு வாத்தியார் ஆரம்பித்த கிளப் என்பேன். அதற்குள் உன்னிடம் நான் பட்ட கடனெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்துவிடும். அவற்றை உன்னிடமே சொல்லிவிடத்தான் இந்த மடல்.

கசாலே, முதல் கடன் உன்னைப் பெற்றெடுத்தவருக்கு. ரஃபாயேலே யாஃபே லெயார்தி பள்ளியில் ஆசிரியர். 1909 டிசம்பரில் தன் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு அவர் உன்னைத் தொடங்கினார். அப்போது இத்தாலியக் கால்பந்தின் தலைநகரம் மிலனும் இல்லை, ரோமும் இல்லை. உன் பக்கத்து ஊரான வெர்செல்லிதான். வெள்ளைச் சட்டை போட்ட ப்ரோ வெர்செல்லி 1908-இலும் 1909-இலும் பட்டம் வென்றிருந்தது. நீ கறுப்பை எடுத்து உடுத்திக்கொண்டாய். நெஞ்சில் ஒரு வெள்ளை நட்சத்திரம். பையன்களை வைத்துக்கொண்டு நாட்டின் முதல்தர அணியை எதிர்நிறத்தில் சந்திக்கத் துணிந்தாயே, அந்தத் துணிச்சலில்தான் நான் உன்னிடம் விழுந்தேன்.

கசாலே, 1913 மே மாதத்தை மறக்க முடியுமா? இங்கிலாந்திலிருந்து ரெடிங் அணி சுற்றுப்பயணம் வந்திருந்தது. கூலி வாங்கி ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். மிலனுக்கு எதிராக ஐந்து கோல், ப்ரோ வெர்செல்லிக்கு எதிராக ஆறு கோல். இரண்டு ஆட்டத்திலும் பதிலுக்கு ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஜெனோவாவும் தப்பவில்லை. இத்தாலியத் தேசிய அணியே 2–0 என்று தோற்றது. அந்த ரெடிங்கை 2–1 என்று வீழ்த்தியது நீ மட்டும்தான். உனக்கு அப்போது நான்கு வயதுகூட நிரம்பவில்லை. இங்கிலாந்தின் தொழில்முறை அணி ஒன்றை வென்ற முதல் இத்தாலிய அணி என்ற பெயர் உன்னுடையது. பெரிய பெயரைக் கண்டு ஆட்டம் தொடங்குமுன்பே தோற்றுப்போகிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு மாலை எவ்வளவு தெம்பு தருகிறது என்று உனக்குத் தெரியாது.

கசாலே, மறு வருடமே பட்டத்தையும் கொண்டுவந்தாய். 1911, 1912, 1913 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து சாம்பியனான வெர்செல்லியின் ஓட்டத்தை நிறுத்தியது பெருநகரத்து அணி அல்ல. பக்கத்து ஊர்க்காரன் நீ. வடக்குப் பிரிவில் ஜெனோவாவையும் ஜுவென்டஸையும் இன்டரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு லாசியோவுடன் இறுதிப்போட்டி ஆடினாய். ஜூலை 5-ஆம் தேதி உன் ஊரில் 7–1. ஜூலை 12-ஆம் தேதி ரோமில் 2–0. அதற்கு முந்தைய ஜூன் 28-ஆம் தேதிதான் சரயேவோவில் துப்பாக்கி வெடித்திருந்தது. ஜூலை முடிவதற்குள் ஐரோப்பா போருக்குள் இறங்கிவிட்டது. அந்தக் கோடையில் ஊர் கொஞ்சம் ஆசைதீரக் கொண்டாடியிருக்கும் என்று நம்பத்தான் எனக்கு விருப்பம்.

கசாலே, உம்பெர்த்தோ கலிகாரிஸைத் தந்தாயே, அது தனிக்கடன். 1901-இல் உன் ஊரில் பிறந்து, உன் சட்டையோடு தேசிய அணிக்குப் போன தற்காப்பு ஆட்டக்காரர். தலையில் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஓடுவாராம். இத்தாலிக்காக அவர் ஆடிய 59 ஆட்டங்கள் என்ற சாதனை 1970-கள்வரை நின்றது. 1928-இல் ஜுவென்டஸ் போய் ஐந்து பட்டம் வென்றார். எனக்கு அதைவிடப் பிடித்தது ஒன்று உண்டு. அங்கே பின்வரிசையில் அவருக்கு ஜோடியாக நின்றவர் விர்ஜினியோ ரொசெத்தா, வெர்செல்லியில் பிறந்து வெர்செல்லிக்கு ஆடியவர். சிறுவயதில் எதிர்த்து நின்ற இரண்டு ஊர்ப் பிள்ளைகள் தோளோடு தோள் நின்று ஒரு நாட்டையே காத்தார்கள். பகை ஆட்டத்தோடு போகட்டும் என்று யாரும் இதைவிட அழகாக எனக்குச் சொன்னதில்லை.

கசாலே, அடுத்ததைச் சொல்லக் கை தயங்குகிறது. யாஃபே யூதராகப் பிறந்தவர். 1937-இல் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றார். அது அவரைக் காப்பாற்றவில்லை. 1938-இன் இனச்சட்டங்கள் அவரைப் பள்ளியிலிருந்து வெளியேற்றின. 1944 பிப்ரவரியில் கைது. ஃபொஸ்ஸோலி முகாமில் அடைத்து வைத்தார்கள். அங்கிருந்து ரயிலேற்றி அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். ஆகஸ்டில் அங்கே கொல்லப்பட்டார். வயது 66. அவர் வளர்த்த அணி நாட்டின் சாம்பியனாகி முப்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த நாட்டு அரசே அவரைப் பிடித்துக் கொடுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் தணிவதில்லை. தணியவும் வேண்டாம். உன் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதுகிறார்கள். அதற்காக அவர்களுக்கும் சேர்த்து என் நன்றி.

கசாலே, உன் ஊரின் பெயர் உலகச் செய்திகளில் வருவது பெரும்பாலும் சாவைப் பற்றித்தான். 1907 முதல் 1986 வரை அங்கே எடெர்னிட் ஆலை கல்நார் ஓடுகளும் குழாய்களும் செய்தது. தொழிலாளிகளின் துணியில் ஒட்டிய தூசு வீட்டுக்கு வந்தது. ஆலைக்குள் காலே வைக்காத மனைவிமாரும் நுரையீரல் உறைப் புற்றுநோயில் இறந்தார்கள். ஆலை மூடிப் பல்லாண்டு கழிந்தும் சாவு நிற்கவில்லை. இத்தனை துக்கத்தைச் சுமக்கும் ஊருக்கு, ஞாயிற்றுக்கிழமை வாய்விட்டுக் கத்தவும் கட்டித் தழுவவும் ஓர் இடம் வைத்திருக்கிறாய். கோப்பைகளைவிட அதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

கசாலே, 1934-இல் இத்தாலியின் முதல்தர லீக்கான சீரி ஆ-விலிருந்து இறங்கிய நீ பிறகு அங்கே திரும்பவே இல்லை. 2013-இல் தொழில்முறைப் போட்டிகளிலிருந்தே வெளியேற நேர்ந்தது. ஊர்க்காரர்கள் உன்னைப் புதிதாகப் பதிவுசெய்து, அமெச்சூர் டிவிஷனில் நிறுத்தினார்கள். அதே கறுப்புச் சட்டை, அதே நட்சத்திரம். 1918-இல் வியன்னாவுக்கு மேலே பறந்த உன் ஊர் விமானி நத்தாலே பல்லியின் பெயர் தாங்கிய அதே மைதானம். சந்தா கட்டியவர்கள், கோடு போட்டவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள் என்று பெயர் வெளியே வராத அத்தனை பேருக்கும் நான் கடன்பட்டவன். தொலைக்காட்சியில் காட்டாத ஆட்டத்தின் முடிவைத் தேடிப் படிக்கிற பழக்கத்தை எனக்குக் கொடுத்தது நீதான். ஞாயிறு இரவு பெரிய லீக்குகளைப் பார்ப்பதற்கு முன்னால் உன் முடிவைத்தான் தேடுகிறேன். வென்றால் அன்றைக்குச் சாப்பாடு இன்னும் கொஞ்சம் இறங்குகிறது.

என்றும் உன்,
தூரத்து ரசிகன்