கண் மட்டம்

லக்ஸ் மீட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கும் அக்காவுக்கும் முதல் சண்டை. நான் கட்டடக்கலை ஆய்வு மாணவி. பகல் வெளிச்சத்தை மேசை உயரத்தில், மீட்டரை மேல்நோக்கி வைத்து அளக்கத்தான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த மருத்துவமனையின் பெண்கள் வார்டிலும் அப்படியே அளந்துகொண்டிருந்தேன். அக்கா அங்கே டாக்டர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இங்க யாரும்மா மேசையில உக்காந்து படிக்கிறா? எல்லாரும் ஜன்னலுக்கு முதுகு காட்டிச் சாஞ்சிருக்காங்க. கண்ணு எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் திருப்பி அள.”

திருப்பினேன். எண் சரசரவென்று இறங்கியது. நல்ல வெளிச்சமான வார்டு என்று நான் எழுதி வைத்திருந்தது அது.

பிறகுதான் நிறைய படித்தேன். லக்ஸ் என்பதே பார்வைக்கான கணக்கு. 1924இல் ஏற்கப்பட்ட ஒரு வளைகோட்டை வைத்துப் போடுவது. அதன் உச்சி 555 நானோமீட்டர், பச்சை. உடம்பின் கடிகாரமோ நீலத்தைத்தான் அதிகம் கவனிக்கிறது. பார்வைச் செல்கள் போக, விழித்திரையில் ஒளியை நேரடியாக உணரும் வேறு செல்களும் இருப்பதை 2002இல் டேவிட் பெர்சனின் குழு காட்டியது. அதற்கேற்ற அளவுகளுக்குச் சர்வதேசத் தரநிலை வந்தது 2018இல். பதினாறு வருஷம்! எங்கள் இருவருக்கும் ஒரு வாரம்தான் பிடித்தது, அதுவும் கேன்டீன் டீயோடு.

மூன்று வாரம் அளந்தோம். நான் வெளிச்சத்தை எழுத, அக்கா யார் எப்போது தூங்கினார்கள் என்று எழுதினார். நைட் டியூட்டி முடிந்து, கண் சிவக்க.

கட்டுரையை எங்கே அனுப்புவது என்று வந்தபோதுதான் சிக்கல். கட்டடக்கலை இதழ் ஒன்று, தூக்கத்துக்கு இங்கே என்ன வேலை என்றது. மருத்துவ இதழ், நோயாளிகள் போதாது என்றது. இரண்டும் நியாயம்தான். ஆனால் எனக்கோ பட்டம் வாங்கத் துறை இதழில் ஒரு கட்டுரை வேண்டும். “தூக்கத்தை எடுத்துடு, ஜன்னலை மட்டும் போடு” என்றார் நெறியாளர். போட்டேன். தூக்கம் போனதும் அக்காவின் பெயரும் ஆசிரியர் வரிசையிலிருந்து நன்றியுரைக்கு இறங்கிவிட்டது. அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் சரி என்றிருப்பார், அது தெரிந்துதான் கேட்கவில்லை.

அச்சானதும் வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. அப்புறம் இரண்டு வருஷம் ஒன்றும் இல்லை.

போன மாதம் அவருடைய நோட்டை எடுத்து, தூக்கக் கணக்கு முழுவதையும் எக்செல்லில் ஏற்றினேன். மேலே அவர் பெயர், கீழே என் பெயர். அனுப்பிவிட்டு ஃபோன் செய்தேன். இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். மன்னிப்பு என்று ஆரம்பிப்பதற்குள்,

“பதினாலாம் பெட் ஜன்னல்ல ஒரு பீரோ மறைச்சுட்டு நிக்குமே, அதை எடுத்தாங்களா?” என்றார்.

நான் போய்ப் பார்க்கவே இல்லை.