வரிசையும் நிரையும்

பதுளையிலிருந்து பசறை நோக்கிச் செல்லும் பாதையை ஒட்டிய தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து வளர்ந்தவன் யான். நமுனுகுலை மலையின் முகில் கலையுமுன்னரே தப்பொலி கேட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓடிய தலைமுறையைச் சேர்ந்தவர் என் தந்தையார். எந்த மலைக்கு எத்தனை பேர், எவருக்கு எந்த நிரை என்று கணக்கப்பிள்ளை பிரித்தனுப்பும் அந்தக் காலைக் காட்சி, பல்லாண்டுகளின் பின்னர் ஒரு தொலைபேசி அழைப்பின்போது என் நினைவுக்கு வந்தது.

அவருக்கு வரவேண்டிய நிலுவையொன்று குறித்து விசாரிப்பதற்காக, விடுமுறையில் வீடு சென்றிருந்த நான் ஒருநாள் நண்பகலில் தலைநகரிலுள்ள ஓர் அலுவலகத்தை அழைத்தேன். தமிழுக்குரிய இலக்கத்தை அழுத்துமாறு பதிவுசெய்யப்பட்ட குரல் பணித்தது. அழுத்தினேன். பின்னர் இசை, இடையிடையே, எமது அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியமானது என்ற உறுதிமொழி. பத்து நிமிடங்கள் கழிந்தன. முற்பணம் செலுத்திய தொலைபேசி. காத்திருப்பதற்கும் காசு கரைகிறது. பக்கத்து வீட்டு இளைஞர், சிங்களத்துக்குரிய இலக்கத்தை அழுத்தினால் உடனே எடுப்பார்கள் என்றார். என் சிங்களம் சந்தைக்குப் போதும். நிலுவைக் கணக்குக்குப் போதாது.

இவ்வாறு அழைப்புகளைப் பங்கிடும் பொறி பாரபட்சம் அறியாதது. முதலில் வந்தவரை முதலில் அனுப்பும். பணியாளருள் நெடுநேரம் ஓய்ந்திருப்பவரிடம் அடுத்த அழைப்பைச் சேர்க்கும். தானியங்கித் தொலைபேசியின் தோற்றமே பாரபட்சம் பற்றிய ஐயத்தோடு தொடர்புடையது என்பர். அமெரிக்காவில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய ஸ்ட்ரோஜர் என்பார், தமக்கு வரும் அழைப்புகளை இணைப்பாளர் பெண் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சினந்தே, மனிதர் குறுக்கிடாத இணைப்புப் பொறியை அமைத்தார் என்பது கதை. கதை எவ்வாறாயினும், அவர் 1891இல் காப்புரிமை பெற்றது வரலாறு.

பொறி நடுநிலையானதாயின் என் காத்திருப்புக்குக் காரணம் யாது? புள்ளிவிபரவியல் வகுப்பிலே படித்த ஏர்லாங் என்ற டென்மார்க் நாட்டவரின் சூத்திரம் நினைவுக்கு வந்தது. கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் பணியாற்றிய அவர், காத்திருப்பின் கணிதத்தை 1917இல் வெளியிட்டார். பழைய உறையொன்றின் பின்புறத்தில் கணக்கிடத் தொடங்கினேன்.

பன்னிரு பணியாளர் உள்ளனர் எனக் கொள்வோம். சிங்கள அழைப்புகளுக்குப் பத்துப் பேர், தமிழ் அழைப்புகளுக்கு இருவர். அழைப்புகளும் அதே விகிதத்தில் வருகின்றன. எனவே பங்கீடு நியாயமானதே. ஓர் அழைப்புக்குச் சராசரி 3 நிமிடம். ஒவ்வொருவரும் தம் நேரத்தில் நூற்றுக்கு 80 பங்கு பேசிக்கொண்டே இருக்கின்றனர். பதின்மர் வரிசையில் சராசரிக் காத்திருப்பு 37 செக்கன். இருவர் வரிசையிலோ 5 நிமிடம் 20 செக்கன்! ஒருவரும் அநீதி இழைக்கவில்லை, விகிதாசாரமும் பிழைக்கவில்லை. ஆயினும் சிறுகுழுவினன் ஒன்பது மடங்குக்கு அண்மித்த நேரம் காத்து நிற்கிறான். பன்னிருவரும் இருமொழியும் அறிந்தவராய் ஒரே குழுவாக அமர்ந்தால், இருசாராரும் 28 செக்கனே காத்திருப்பர் என்று வந்தது. பெரும்பான்மையினருக்கும் இதனால் இலாபமே என்பதை இரண்டு தடவை சரிபார்த்த பின்னரே நம்பினேன். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. அந்த உரிமையை விகிதாசாரத்தால் மட்டும் நிறைவேற்றிவிடலாம் என்று எண்ணுவோருக்கு இவ்வுறையைக் காட்ட விரும்புகிறேன்.

தந்தையாருக்கும் காட்டினேன். எழுத்துகளைப் பாராமலே அவர் சொன்னார்: "அங்க ரெண்டு பேருதான் இருப்பாங்க தம்பி. பெரிய மலையில பத்துப் பேர் நிரை புடிச்சிருக்கயில ஒருத்திக்குக் காய்ச்சல்னா யாருக்கும் தெரியாது. தூரத்து மலைக்கு ரெண்டு பேரை மட்டும் அனுப்பி, அதில ஒருத்தி வரலைன்னா, பாதிக் கொழுந்து முத்திப்போகும். நல்ல கணக்கப்பிள்ளைன்னா, இங்க நிரை முடிச்சவளை அங்க அனுப்புவான்."

சூத்திரத்தைப் படிக்க எனக்கு ஒரு தவணை பிடித்தது.

பத்தொன்பதாம் நிமிடத்தில் ஓர் இளம்பெண்ணின் குரல் தமிழிலே வணக்கம் கூறியது. களைத்த குரல். தமிழ்ப் பிரிவில் இருவர்தாம் என்றும், மற்றவர் அன்று விடுமுறை என்றும் அவரே சொல்லி மன்னிப்புக் கேட்டார். நிலுவைக்கு மேலும் ஒரு பத்திரம் வேண்டுமாம். அதன் பெயரை இரண்டு முறை நிதானமாகச் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

அழைப்பைத் துண்டித்ததும் பணம் எப்போது வரும் என்றே தந்தையார் கேட்பார் என எண்ணினேன்.

"அந்தப் புள்ளையைப் பகல் சாப்பாட்டுக்கு விட்டாங்களான்னு கேட்டியா?" என்றார்.