புள்ளி விழுந்த படம்

எங்கள் வீட்டு பீரோவில் என் மனைவியின் நெஞ்சு ஸ்கேன் படங்கள் மூன்று இருக்கின்றன. இரண்டாவதை எடுக்கச் சொன்னவர் மருத்துவர் அல்லர், நான்.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை. காய்ச்சல் தணியாததால் அவளுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். தொற்று சிறிதளவே இருந்தது. ஆனால் வலது நுரையீரலில் 6 மில்லிமீட்டர் அளவில் ஒரு முடிச்சு தென்பட்டது. பெரும்பாலும் பழைய தழும்பாக இருக்கும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். எனக்குப் பத்து நாள்கூடப் பொறுக்கவில்லை. மருத்துவர் சீட்டுக் கேட்காத வேறொரு நிலையத்துக்கு அவளை அழைத்துப் போனேன். "உங்க பயத்துக்கு என் நெஞ்சையா படம் எடுக்கணும்?" என்று வழியில் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. முடிச்சு அப்படியே இருந்தது. பத்து நாளில் வேறெப்படி இருக்கும்?

அதே மாதத்தில்தான், ஒரு சி.டி. முந்நூறு, நானூறு நெஞ்சு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்ற எச்சரிக்கை தில்லியிலிருந்து வந்தது. அது பழைய கணக்கு என்று கதிரியல் மருத்துவர்கள் மறுத்தார்கள். குற்றவுணர்வோடு நானும் தேடிப் படித்தேன். இயற்கையிலிருந்து ஒருவர் ஓராண்டில் பெறும் கதிர்வீச்சு, உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். இரு கோணங்களில் எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏறத்தாழ 0.1. வழக்கமான நெஞ்சு சி.டி.யில் 6 அல்லது 7. ஒரு படத்தால் விளையும் ஆபத்து மிகச் சிறிதே; வயது குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் சற்றுக் கூடுதல். ஆனால் பயனில்லாத படத்துக்கு அந்தச் சிறிதும் அதிகம்தான்.

டிசம்பரில் மூன்றாவது படம். இம்முறை குறைந்த கதிர்வீச்சே போதும், சுமார் 1.5 மில்லிசீவர்ட் என்றார் மருத்துவர். உடனே என் பயம் மறுபக்கம் சாய்ந்தது. படம் மங்கி, முடிச்சு கண்ணில் படாமல் போய்விட்டால்?

என் மாணவிகளின் வயதே இருக்கும் டெக்னீஷியன் பெண் பொறுமையாக விளக்கினாள். கதிரைப் பாதியாகக் குறைத்தாலும் படத்தில் புள்ளிக்கலக்கம் இரு மடங்காவதில்லை, ஏறத்தாழ 1.4 மடங்குதான். நுரையீரலில் பெரும்பகுதி காற்று என்பதால் கதிர் எளிதில் ஊடுருவும். அந்தக் கரிய வெளியில் வெண்ணிற முடிச்சு புள்ளிகளுக்கிடையிலும் தெரியும். மெலிந்த உடலென்றால் 120 கிலோவோல்ட்டை 100 ஆக இறக்கலாம். தோள்பட்டையில் மின்னோட்டத்தைக் கூட்டவும் அதைத் தாண்டியதும் குறைக்கவும் எந்திரத்துக்கே தெரியும். கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வதும் இதற்குத்தான். கையெலும்பு குறுக்கிட்டால் கதிர் கூடுதலாக வேண்டும். எஞ்சிய கலக்கத்தைக் கணினி திரும்பத் திரும்பக் கணக்கிட்டுக் குறைத்துவிடும்.

"படம் கொஞ்சம் சொரசொரப்பாத்தான் சார் இருக்கும். ஆனா பார்க்க வேண்டியது தெரியும்."

அவள் சொன்னதற்குப் பெரிய சான்று இருந்ததைப் பிறகு அறிந்தேன். அமெரிக்காவில் கடுமையாகப் புகைபிடித்துவந்த 53,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்களைக் காட்டிலும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்துக்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 20 விழுக்காடு குறைவு. அத்தனை உயிர்களைக் காத்தவை புள்ளி விழுந்த படங்கள்தாம்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். தலைப்பு 'மருந்து'. பத்துக் குறளிலும் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. பெரும்பகுதியும் உணவின் அளவைப் பற்றியே பேசுகிறது. மாணவர்களுக்கு இதை ஒரு நயமாகச் சொல்லிவந்தேன். அளவு என்பது அன்பு செலுத்துவோருக்கும் உரியது என்று எனக்குத் தோன்றியதில்லை.

முடிச்சு வளரவில்லை. சென்ற வாரம் பீரோவைச் சுத்தம் செய்கையில் மூன்று படங்களையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டாவதுதான் மிகத் தெளிவாக இருக்கிறது. தேவையே இல்லாததும் அதுதான். அன்று அவள் வழியில் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆமாம், என் பயத்துக்குத்தான்.