லங்காவி: மூன்றாம் கட்டத்தின் பாடம்

மலேசியத் தீபகற்பத்தின் வடமேற்கே, அந்தமான் கடலும் மலாக்கா நீரிணையும் தழுவிக்கொள்ளும் இடத்தில் பசுமைப் போர்வையுடன் வீற்றிருப்பது லங்காவித் தீவு. சிறியதும் பெரியதுமாக 99 தீவுகளின் கூட்டம் இது. நம் முன்னோர் 'கடாரம்' என்று போற்றிய கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. கோலா கெடாவிலிருந்தும் கோலா பெர்லிஸிலிருந்தும் படகேறி வருவோரைக் குவா நகரின் துறைமுகத்தில் வானளாவிய கழுகுச் சிலை வரவேற்கின்றது; சற்றுத் தள்ளி அல்ஹனா பள்ளிவாசல் எழிலுடன் நிற்கின்றது. 1987இல் சுங்கவரியற்ற தீவாக அறிவிக்கப்பட்டது முதல் பயணிகள் பெருகினர். இதன் தொன்மையான பாறைகளுக்காக 2007இல் யுனெஸ்கோவின் புவிப்பூங்கா என்ற தகுதியும் இத்தீவுக்குக் கிட்டியது.

கடைவீதிக்காகவும் கடற்கரைக்காகவும் வருவோரிடையே வேறொரு வகை விருந்தினரையும் இங்கே காணலாம். கடலில் நீந்தி, கரையேறி மிதிவண்டி ஓட்டி, பின்னர் காலால் ஓடி முடிக்கும் 'டிரையத்லான்' என்னும் முக்கூட்டுப் பந்தயத்திற்காக வருவோர் அவர்கள். 1974இல் அமெரிக்காவின் சான்டியாகோவில் தோன்றிய இவ்விளையாட்டின் மிக நீண்ட வடிவம், 1978இல் ஹவாய்த் தீவுகளில் 15 பேருடன் தொடங்கியது. 12 பேரே முடித்தனர். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என்பது அதன் அளவு. 'அயன்மேன்' என்று பெயர் பெற்ற அப்பந்தயம் 2000ஆம் ஆண்டில் லங்காவிக்கு வந்தது. இடையில் சில ஆண்டுகள் நின்று, 2014இல் மீண்டும் தொடங்கியது.

இப்பந்தயத்தின் மூன்று கட்டங்களும் இத்தீவின் மூன்று முகங்களைக் காட்டுகின்றன. முதலாவது கடல். சுபுஹுத் தொழுகை முடிந்து கிழக்கு வெளுக்கும் வேளையில் வீரர்கள் வெதுவெதுப்பான நீரில் இறங்குகின்றனர். நீரானது உடலின் பெரும்பாரத்தைத் தானே தாங்கிக்கொள்கிறது. கைகளே உழைக்க, கால்கள் ஏறக்குறைய ஓய்வில் இருக்கின்றன.

இரண்டாவது மலைச்சாலை. 881 மீட்டர் உயரமுள்ள குனோங் ராயாவை நடுவில் கொண்ட தீவாகையால், நெல்வயல்களையும் ரப்பர்த் தோட்டங்களையும் கம்போங்குகளையும் கடந்து செல்லும் பாதைகள் ஏறியும் இறங்கியும் செல்கின்றன. தொடைகள் எரிகின்றன. எனினும் உடலின் பாரத்தை இருக்கையும் சக்கரங்களும் பகிர்ந்துகொள்கின்றன.

மூன்றாவது, செனாங் கடற்கரையை ஒட்டிய சமதளச் சாலை. பார்வைக்கு எளிதானது இதுவே; புதியவர்களைச் சோதிப்பதும் இதுவே. இங்கே நீரும் இல்லை, சக்கரமும் இல்லை. தன் பாரத்தைத் தானே சுமக்க வேண்டும். ஓடும்போது ஒவ்வொரு முறை பாதம் தரையில் ஊன்றும்பொழுதும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு அழுத்தம் காலில் இறங்குகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 140 முதல் 210 கிலோ வரை. ஒரு கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய ஆயிரம் முறை இவ்வாறு நிகழ்கிறது!

மிதிவண்டியிலிருந்து இறங்கியவுடன் கால்கள் மரக்கட்டைகளைப் போல் தோன்றும். மணிக்கணக்கில் குனிந்து வட்டமாகச் சுழற்றிய தசைகள், நிமிர்ந்து தாவும் வேலைக்கு மாறச் சில நிமிடங்கள் பிடிக்கும். கண்ணும் ஏமாற்றும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைக் கண்டு பழகிய கண்ணுக்கு, ஓட்டத்தின் வேகம் ஆமை நடையாகவே தெரியும். ஆகவே புதியவர் தம்மையறியாமல் விரைந்து ஓடி, சற்று நேரத்தில் களைத்துப் போகிறார். அடிகளைச் சிறிதாக வைத்து, மூச்சை அளவுகோலாகக் கொண்டு தொடங்குவதே அனுபவசாலிகளின் வழக்கம்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. நீச்சலும் மிதிவண்டியும் இதயத்தையும் நுரையீரலையும் வலுப்படுத்தும். எலும்பை அந்த அளவுக்குப் பழக்குவதில்லை. ஆகவே அவ்விரண்டிலும் தேர்ந்து ஓட்டத்திற்கு வருபவருக்கு மூச்சு வாங்குவதில்லை. 'இன்னும் ஓடலாம்' என்றே தோன்றும். ஆனால் புதிய பாரம் விழுந்த எலும்பு, பழைய பகுதியைக் கரைத்துவிட்டே புதியதைக் கட்டுகிறது. பழுது பார்க்கும் வீட்டில் சுவரை இடித்த பின்னரே புதுச்சுவர் எழுவதைப் போன்றது அது. இதயம் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாண்களுக்கும் பல மாதங்கள் வேண்டும். அந்த இடைவெளியில் அவசரப்படுவோருக்குக் கணைக்கால் வலி வருகிறது; அதனைப் பொருட்படுத்தாதோருக்கு எலும்பில் விரிசலே விழுகிறது.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளோ நீங்களோ இம்முயற்சியில் இறங்கினால் இவற்றை மனத்தில் கொள்ளுங்கள். தொடக்கத்தில் வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று நாள் போதும். சிறிது ஓட்டம், சிறிது நடை என மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வாரத்தில் ஒருநாள், மிதிவண்டியிலிருந்து இறங்கிய சூட்டோடு பத்து நிமிடம் மெல்ல ஓடிப் பழகுங்கள். எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலித்து, ஓய்விலும் தணியாவிட்டால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். சர்க்கரை நோயும் இதய நோயும் உள்ளவர்கள் தொடங்குமுன்பே அவரைக் கலந்துகொள்வது அவசியம்.

லங்காவியின் வெப்பமும் ஒரு பாடமே. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராது வழிந்தோடுகிறது, உடல் குளிர்வதில்லை. அதற்காக வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து மயக்கம் வரக்கூடும். நிழலில் நடந்து, தலையில் நீர் ஊற்றி, உப்புச் சேர்ந்த பானத்தைத் தாகத்திற்கேற்ப அருந்துவதே நலம். நம் கடற்கரை ஊர்களின் வெயிலுக்கும் இது பொருந்தும்.

மாலையில் மஃரிபுக்கான பாங்கொலி கேட்கும் வேளையிலும் அச்சாலையில் ஓட்டம் தொடர்ந்துகொண்டிருக்கும். நரைத்த தலையினரும், முக்காடு அணிந்த மலாய்ச் சகோதரிகளும், நடந்தும் ஓடியும் செல்வோரும் அதில் உண்டு. 17 மணி நேரம் வரை அவகாசம் இருப்பதால் நள்ளிரவுக்குப் பின்னும் சிலர் வந்து சேர்கின்றனர். சாலையோரத்தில் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளுடன் அமர்ந்து முகமறியாதவர்களுக்கும் கைதட்டுகின்றன. முதலில் வந்தவருக்கு எழுந்த அதே ஆரவாரம் கடைசியாக வருபவருக்கும் எழுகின்றது. லங்காவிக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டுவோர், கடைவீதிக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மாலையை இக்காட்சிக்கும் ஒதுக்கலாம்.