சுருட்டி வைத்த கொடி

மாரியம்மன் கோயில் திருப்பத்துக்கு ஐம்பதடி இருக்கும்போதே பிரச்சார வேன் நின்றது. வேட்பாளர் இறங்கவில்லை. கட்சிப் பொறுப்பாளர்தான் இறங்கி வந்து என் தோளில் கை போட்டார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. ஊருக்குள்ள போறப்ப மட்டும் உங்க நீலக்கொடிய சுருட்டி வெச்சிக்குங்க. இருக்கிற ஓட்டும் போயிரும்."

அது ஒரு நாடாளுமன்றத் தேர்தல். அந்த வேட்பாளருக்காகக் காலனியில் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். எங்கள் பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சுருட்டச் சொன்னேன். எம்.ஏ. தமிழ் படித்து, மேடைக்கு மேடை அம்பேத்கரைப் பேசுகிற நான்தான் சொன்னேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ராத்திரி அம்மா கேட்டாள்: "கொடி ஆகாது, ஓட்டு மட்டும் ஆகுமாடா?"

தருமபுரி பொதுத்தொகுதி. அதற்குள் வரும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் அரூர் மட்டும்தான் தனித்தொகுதி. வன்னியர் அதிகம் என்பதால் பெரிய கட்சிகள் பெரும்பாலும் வன்னியரையே நிறுத்துகின்றன. நம்மாள் நிற்பதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

2012 நவம்பர் 7 அன்று, ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்காக வைத்து, நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் சாதி இந்துக்கள் 200க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். பெங்களூர் போய்க் கூலி வேலை செய்து காசு சேர்த்துக் கட்டிய வீடுகள். அதற்கடுத்த மாதமே, தலித் அல்லாத சாதிகளைத் திரட்ட பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் கூட்டம் போட்டார். 2014இல் அன்புமணி இங்கே ஜெயித்தார். 2019இல் 70,753 ஓட்டில் தி.மு.க.விடம் தோற்றார். 2024இல் சௌமியா அன்புமணி தோற்றது ஏறக்குறைய 21,300 ஓட்டில். இந்த இரண்டு முடிவிலும் சேரி ஓட்டுக்குப் பங்கில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? ஒரு தரப்பு நம்மைக் காட்டி ஊரைச் சேர்க்கிறது. இன்னொரு தரப்பு நம்மை மறைத்து ஊரைச் சேர்க்கிறது.

ஆனால் நம்ம ஓட்டை மட்டும் யாரும் மறைப்பதில்லை. காகித ஓட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. 2004 முதல் நாடாளுமன்றத் தேர்தல் முழுக்க எந்திரம்தான். சாவடி வாரியாக எண்ணிக்கை வெளியே வருகிறது. எங்கள் காலனிக்குத் தனிச் சாவடி. அங்கே விழுந்தது யாருடைய ஓட்டு என்பதில் ரகசியம் என்ன இருக்கிறது?

அந்தத் தேர்தல் முடிவு வந்த மறுநாள், டீக்கடையில் ஒருத்தர் எங்கள் சாவடிக் கணக்கை ஒப்பித்தார். "உங்க தெருவே சேர்ந்து அவனுக்குக் குத்திட்டீங்களே" என்றார். அந்த வாரம் அம்மாவைக் களையெடுக்க யாரும் கூப்பிடவில்லை. வேனில் வந்தவர்களும் எட்டிப் பார்க்கவில்லை.

பல எந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து மொத்தமாகக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே கேட்டது. சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. நம்முடைய ஓட்டை வாங்கி எம்.பி. ஆகிறவர்கள் நாடாளுமன்றத்தில் இதைக் கேட்கட்டும்.

அடுத்த முறை அந்தத் திருப்பத்தில் கொடியைச் சுருட்டச் சொன்னால், நான் பையன்களோடு வீடு திரும்பிவிடுவேன். அம்மா கேட்ட கேள்விக்கு அவர்களே வந்து பதில் சொல்லட்டும்.