பூவா, தலையா? நைட் ஷிஃப்ட் முடிந்து ஒரு கணக்கு!

காலை ஆறரை மணி. சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இறங்கும் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, கழுத்தில் ஒரே மாதிரி அடையாள அட்டை. அதில் ஒருத்தி செய்யாறு பக்கத்துப் பெண். பி.எஸ்ஸி இயற்பியல் முடித்தவள். 'ஒரு வருஷம் சம்பாதிச்சுட்டு எம்.எஸ்ஸி சேரலாம்' என்று வந்தாள். இது மூன்றாவது வருஷம்.

அன்று ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் பெண் புலம்பினாள். "லைன்ல என் பேர்கூட யாருக்கும் தெரியலக்கா. நான் நின்னா என்ன, வேற யாரு நின்னா என்ன?"

அவள் பர்ஸிலிருந்து இரண்டு ஒரு ரூபாய் காசுகளை எடுத்தாள்.

"ரெண்டையும் சுண்டினா எத்தனை விதமா விழும்?"

"ரெண்டும் பூ, ரெண்டும் தலை, இது பூ அது தலை, இது தலை அது பூ. நாலு."

"எது இது, எது அதுன்னே பிரிக்க முடியலைன்னா?"

"கடைசி ரெண்டும் ஒண்ணுதான். மூணு!"

நாலில் இரண்டு முறை ஒரே மாதிரி விழுந்தது, இப்போது மூன்றில் இரண்டு. அதாவது, ஒன்றுசேரும் வாய்ப்பு கூடிவிட்டது. நிஜக் காசு இப்படி விழாது. ஆனால், ஒளித்துகள்களை இப்படித்தான் எண்ண வேண்டும் என்று 1924-ல் எழுதினார் சத்யேந்திரநாத் போஸ். டாக்கா பல்கலைக்கழக ஆசிரியர், வயது 30, டாக்டர் பட்டம் கிடையாது. ஜூன் 4 அன்று ஐன்ஸ்டீனுக்குக் கடிதத்தோடு கட்டுரையை அனுப்பினார். ஐன்ஸ்டீனே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வைத்தார். அணுக்களும் மிக மிகக் குளிர்ந்தால் ஒரே நிலையில் போய்ச் சேரும் என்று கணக்கை நீட்டினார்.

அது நடந்தது 1995 ஜூன் 5-ல். அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னெல், கார்ல் வீமன் குழுவினர் ரூபிடியம் அணுக்களை லேசரால் குளிரவைத்தார்கள். பிறகு, ஆவி பறக்கப் பறக்க டீ ஆறுவதுபோல, சூடான அணுக்களை மட்டும் வெளியேற விட்டார்கள். மைனஸ் 273.15 டிகிரிக்கு மேல், ஒரு டிகிரியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுக்கும் குறைவான வெப்பம். சுமார் 2,000 அணுக்கள் தனித்தனி ஆட்டத்தை விட்டு ஒரே அலையாக மாறின. 2001-ல் அவர்களுக்கும் வொல்ஃப்கங் கெட்டர்லேவுக்கும் நோபல் பரிசு. போஸ் 1974-லேயே காலமாகிவிட்டார்.

கேட்டு முடித்தவள் சொன்னாள்: "அணுவுக்குப் பேர் வேணாங்க்கா. எனக்கு வேணும்."

அவளிடம் அதற்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து போனில் எம்.எஸ்ஸி விண்ணப்பத்தைத் திறந்தாள். கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. முதல் கட்டத்தில் தன் பெயரை முழுதாக அடித்தாள்.