அப்பாவின் ஆர்.எக்ஸ். 100-ம் வர மறுத்த பேஃபிளும்

ஆபீஸ்ல ஆணி புடுங்கறதைப் பத்தி ஆளாளுக்கு எழுதித் தள்ளியாச்சு. இது நிஜமாவே ஒண்ணைப் புடுங்கின கதை மக்களே. எங்க அப்பாவோட யமஹா ஆர்.எக்ஸ். 100 சைலன்சருக்குள்ள இறுகிப் போய்க் கிடந்த பேஃபிளை வெளியே எடுக்க எனக்கு மூணு நாள் ஆச்சு. கையில இன்னும் டீசல் வாசனை போகலை.

வண்டி 1991-ல வாங்கினது. இந்த மாடலை 1985 கடைசியில இந்தியாவுல விட்டாங்க, 1996-ல நிறுத்திட்டாங்க. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக். அந்தக் காலத்துல அப்பா திண்டுக்கல் ஆபீஸ்ல இருந்து திரும்பி வரும்போது, தெருமுனையில சத்தம் கேட்டதுமே அம்மா தோசைக்கல்லை அடுப்புல வைப்பாங்க. அப்படி ஒரு சத்தம். (சரி சரி, கொசுவத்தி சுத்தலை, விஷயத்துக்கு வர்றேன்.)

2020 ஊரடங்குல நிறுத்தின வண்டி. அதுக்கு அடுத்த வருஷமே ஆர்.சி. காலாவதி ஆகிடுச்சு. அப்பாவுக்கு இப்போ 76 வயசு. திடீர்னு ஒரு நாள், "ஆர்.சி. புதுப்பிக்கணும்டா, வண்டியைத் தயார் பண்ணு"ன்னு மஞ்சப்பையில இருந்த பேப்பரையெல்லாம் எடுத்து என் மடியில வச்சுட்டார். புதுப்பிக்கணும்னா வண்டியை ஆய்வாளர் முன்னாடி கொண்டு போய் நிறுத்தணும். சும்மா நின்னாப் போதாது, ஓடணும்.

கார்புரேட்டரைக் கழுவி, பிளக் மாத்தி, புது பெட்ரோல் ஊத்தினதும் வண்டி ஸ்டார்ட் ஆச்சு. ஆனா ஆக்ஸிலேட்டரை முறுக்கினா ஏறவே இல்லை. ஆஸ்துமாக்காரர் மாடிப்படி ஏறுற மாதிரி ஒரு திணறல். வால்ல கை வச்சுப் பார்த்தா காத்து மெலிசா வருது. இதுக்கு ஒரு எளிய சோதனை இருக்கு. சிலிண்டர்ல சைலன்சர் சேருற இடத்துல நட்டைக் கொஞ்சம் தளர்த்திட்டு முறுக்கிப் பாருங்க. (தெருவே திரும்பிப் பார்க்கும், பரவாயில்லை.) அப்போ மட்டும் எஞ்சின் பிச்சுக்கிட்டு ஏறினா, அடைப்பு சைலன்சர்லதான். நம்ம வண்டி ஏறிச்சு.

பேஃபிள்ங்கறது சைலன்சரோட வால் பக்கம் சொருகி இருக்கிற, தடுப்பு வச்ச இரும்புக் குழாய். பின்னாடி ஒரே ஒரு சின்ன போல்ட்தான் அதைப் பிடிச்சிருக்கும். டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோலோட ஆயிலும் சேர்ந்து எரியுது, இல்லையா? முழுசா எரியாத ஆயில் புகையோட வந்து, சூடு குறைவா இருக்கிற வால் பக்கத்துல படியும். ஊருக்குள்ளேயே மெதுவா ஓட்டுற வண்டின்னா இன்னும் மோசம். ஈரமா இருக்கும்போது அது கறுப்புக் களி. வருஷக்கணக்கா நிறுத்தி வச்சா தார். பேஃபிளுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவுல இருக்கிற இடுக்கை அந்தத் தார் அப்பிடுச்சு.

மெக்கானிக் பார்த்துட்டு, "தம்பி, வாலை வெட்டிடலாம், உள்ள இருக்கறதை எடுத்துட்டுத் திரும்ப வெல்டு வச்சுத் தர்றேன், ஒரு மணி நேர வேலை"ன்னார். "பேஃபிளைத் திரும்ப மாட்டவே வேணாம், சவுண்டு சும்மா கும்முனு இருக்கும்"னு இலவச ஆலோசனை வேற. திண்ணையில இருந்து அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வெட்டக்கூடாது."

அப்பா சொன்னதுல பிடிவாதம் பாதின்னா நியாயம் பாதி. டூ ஸ்ட்ரோக் சைலன்சர்ங்கறது வெறும் புகைக்குழாய் இல்லை. அதோட வயிறு உப்பி, வால் சுருங்கி இருக்கே, அது அழகுக்கு இல்லை. எஞ்சின்ல இருந்து கிளம்புற அழுத்த அலை அந்தச் சரிவுல மோதித் திரும்பி வந்து, எரியாம வெளியே நழுவப் பார்க்கிற புதுக் கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள்ளேயே தள்ளும். வால் எவ்வளவு இறுக்கம்ங்கறதும் அந்தக் கணக்குல சேர்த்தி. அடைச்சுக்கிட்டா எஞ்சின் சூடாகும். ஒரேயடியாத் திறந்து விட்டா சத்தம்தான் கூடும், கீழ் வேகத்துல இழுவை போயிடும். பேஃபிளைக் கழட்டிப் போட்டுட்டுச் சுத்துற பசங்க கேக்குற அந்த 'பவர்' பெரும்பாலும் காதுல மட்டும்தான் இருக்கு. அதோட, சத்தத்தைக் குறைக்கிற சைலன்சர் இருந்தே ஆகணும்னு 1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகள்லயே இருக்கு. ஆய்வாளர் முன்னாடி டமடமன்னு போய் நின்னா கதை கந்தல்.

முதல் நாள். சைலன்சரை மொத்தமாக் கழட்டினேன். வண்டியில வச்சுக்கிட்டே பேஃபிளை இழுக்கக் கூடாது, சிலிண்டர் பக்கத்து மரைதான் அடி வாங்கும். துருப்பிடிச்ச பின் போல்ட்டுக்கு மட்டும் ராத்திரி முழுக்க எண்ணெய் விட்டு, காலையில பத்தாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் போட்டேன். ஒரு நூல் இறுக்கி, ரெண்டு நூல் தளர்த்தி, திரும்ப இறுக்கித் தளர்த்தி... உடையாம வந்துச்சு. அது உடைஞ்சிருந்தா இந்தப் பதிவு வேற மாதிரி இருந்திருக்கும்.

அப்புறம் வாலைத் துணியும் மரக்கட்டையும் வச்சு அடைச்சு, வால் கீழே இருக்கிற மாதிரி சுவர்ல சாய்ச்சு, உள்ளே டீசல் ஊத்தி ஒரு நாள் ஊற வச்சேன். மறுநாள் வடிச்சப்போ வந்தது... வேணாம், சாப்பிடுற நேரத்துல படிக்கிறவங்க இருப்பீங்க. அம்மா மட்டும், "வாசல் தரையில ஒரு சொட்டு சிந்தினாலும் நீதான் கழுவணும்"னு சொல்லிட்டுப் போனாங்க.

அடுத்தது சூடு. வெளிக்கூடு சூடாகி விரிஞ்சா உள்ளே பிடி தளரும். சில பேர் நேரா கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டுவாங்க. உள்ளே டீசல் ஊறின சைலன்சர்ல நெருப்பு காட்டுறது தற்கொலை, அதை விடுங்க. குரோம் முலாமும் நீலம் பாய்ஞ்சு போயிடும், திரும்ப வராது. நான் கொதிக்கிற வெந்நீரை வெளிக்கூட்டு மேல மட்டும் ஊத்தினேன். குடம் குடமா.

இழுக்கறதுக்கு முன்னாடி திருப்பணும். முக்கியமான சூட்சுமம் இதுதான். நேரா இழுத்தா அந்தத் தார் மொத்தமும் ஒரே சமயத்துல எதிர்க்கும். வைஸ் கிரிப்பால வாலோட விளிம்பைக் கவ்வி இடது, வலதுன்னு அசைச்சுக்கிட்டே இருக்கணும். ஒரு மணி நேரம் ஒண்ணும் நடக்கலை. அப்பா திண்ணையை விட்டு இறங்கி வந்து, சைலன்சரோட மறுமுனையைத் தன் ரெண்டு முழங்காலுக்கு நடுவுல இடுக்கிப் பிடிச்சுக்கிட்டார். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறது பொதுவா, "சாப்பிட்டியா", "ம்", அவ்வளவுதான். அன்னைக்கும் அதேதான். "இந்தப் பக்கம்." "ம்." "இப்போ அந்தப் பக்கம்." "ம்."

'கிறீச்'னு ஒரு சின்னச் சத்தம். ஒரு நெல்லளவு திரும்பியிருக்கும். அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

மூணாம் நாள், கிரில் பட்டறையில சொல்லி, அந்த வைஸ் கிரிப் பின்னாடி ஒரு நீளக் கம்பி வெல்டு வச்சு, முனையில ஒரு நட்டும் போட்டு வாங்கிட்டு வந்தேன். கம்பியில கோத்த எடை என்ன தெரியுமா? புத்தாண்டு சபதத்துக்கு வாங்கின டம்பெல்லோட ரெண்டரைக் கிலோ தட்டு. முதல் முறையா அது உழைச்சுது :-) தட்டை வேகமாப் பின்னாடி இழுத்து நட்டுல மோத விடணும். ஒவ்வொரு மோதலுக்கும் பேஃபிள் ஒரு நூல் வெளியே வரும். வெந்நீர், ரெண்டு திருப்பு, பத்து மோதல். பதினோரு மணிக்கு ஆரம்பிச்சது, ஒண்ணரை மணிக்கு முழுசா வெளியே வந்து விழுந்துச்சு.

பேஃபிளைத் துடைச்சுட்டு, தனியா வெட்டவெளியில விறகு நெருப்புல போட்டுச் சுட்டு, ஆறினதும் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சேன். ஓட்டையெல்லாம் கண்ணு திறந்த மாதிரி தெரிஞ்சுது. திரும்ப மாட்டும்போது விளிம்புலயும் போல்ட் மரையிலும் லேசா செப்பு கிரீஸ் தடவியிருக்கேன். போல்ட் இறுக்கமா இருக்கான்னு அப்பா ஸ்பேனரை வாங்கி ஒரு தடவை பார்த்தார். அப்புறம் எனக்குத் தெரியாம இன்னொரு தடவை. இனிமே ஜாசோ எஃப்.டி. தர ஆயில்தான் ஊத்தறதுன்னு முடிவு. புகையும் கம்மி, கரியும் கம்மி.

மூணாவது உதையில ஸ்டார்ட். மிச்சம் மீதி டீசலெல்லாம் எரிஞ்சு பத்து நிமிஷம் தெருவே வெள்ளைப் புகை. பக்கத்து வீட்டு அக்கா கொசு மருந்து அடிக்க வந்துட்டாங்கன்னு ஜன்னலைச் சாத்தினாங்க. புகை அடங்கினதும் பழைய சத்தம். நாலாவது கியர்ல அறுபதைத் தாண்டி முக்காம இழுக்குது.

வர்ற செவ்வாய்க்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸ். ஹெல்மெட் ரெண்டையும் துடைச்சு வச்சாச்சு. அங்கே வண்டியை ஓட்டிக் காட்டப் போறது யாருங்கறதுலதான் வீட்டுல இன்னும் பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு.